பாடை இறங்கி வீட்டு மூச்சு

கார்த்திகை 5, ஞாயிறு

விடியலில் தூறல். மேலே பனி. நெய்க்குடம் கல்லாகிவிட்டது. கரண்டியை உள்ளே விட்டால் வெளியே வரமாட்டேன் என்கிறது.

இன்றைய வேலை:
தீபத்துக்குச் சேலம் கடைக்காரர் கேட்ட நெய். உருக்கி, வடிகட்டி, டின்னில் அடைக்க.
மூக்குக் கண்ணாடியின் காதுக்கு நூல் சுற்ற.
சவரம்.
பண்டிதர் கோயிலுக்கு நெய். இருப்பதிலேயே நல்லது.

நாளைக் காலை மகள் பாவாயி மூச்சுத்தட்டில் ஊதுகிறாள். மூச்சு நின்றால் அங்கேயே அக்கா வீட்டாரோடு உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம். தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை என் அக்கா நல்லம்மாளின் மகன் செங்கோடன். நாமக்கல் போகும் கரி பஸ்ஸில் கிளீனர். யுத்தத்தால் பெட்ரோல் இல்லை என்று பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டியிருக்கிறார்களே, அதற்குக் காற்றாடி சுற்றுவதுதான் உத்தியோகம். அடுத்த வருஷம் டிரைவர் என்கிறாள் அக்கா. மூன்று வருஷமாக அடுத்த வருஷம்.

பெண்ணுக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை. பஸ் தூரத்தில் இருமினால் இவளுக்கு வீட்டில் தண்ணீர் தீர்ந்துபோகும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரக் கிணற்றுக்குப் புறப்பட்டுவிடுவாள். நான் வாங்கிக் கொடுத்த குடம் இந்த ஒரு வருஷத்தில் தேய்ந்தே போயிற்று.

டின் எடுக்க வந்த சேலத்துக்காரர் கேட்டார், "மூச்சுத்தட்டுன்னு சொல்றீங்களே, அது வைத்தியமா, சாமியா?"

"ரெண்டுந்தானுங்க" என்றேன்.

நான் சொன்ன கதை: சங்ககிரிக் கோட்டையில் வெள்ளைக்காரன் கொடி ஏறின காலம். இந்தப் பக்கம் வாந்திபேதி. ஆண்டிப் பண்டிதர் என்று ஒரு வைத்தியர், உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கலத் தட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். செத்தவன் என்று கிடத்தியவன் மூக்கில் அதைப் பிடிப்பார். ஆவி படிந்தால் உயிர் உண்டு. தூக்கி வைத்து மருந்து ஊற்றுவார். எங்கள் முப்பாட்டனுக்குப் பிடித்தபோது ஒன்றும் படியவில்லை. பாடை கட்டித் தூக்கிவிட்டார்கள். பண்டிதர் விடவில்லை. பாடையோடு கூடவே நடந்தார், தட்டை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பிடித்தபடி. சுடுகாட்டு வேலியோரம் ஆவி படிந்தது. "எறக்குங்கடா" என்றாராம். இறங்கினவர் முதலில் கேட்டது கம்மஞ்சோறு. அன்றிலிருந்து நாங்கள் பாடை இறங்கி வீட்டுக்காரர்கள். பட்டப்பெயர்களில் இதைவிட மோசமானதும் ஊரில் உண்டு என்று ஆறுதல்.

"அந்தத் தட்டுல பொண்ணுங்க எதுக்கு ஊதணும்?"

"அது வளமைங்க, ஊரு வழக்கம்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் ஊரில் எந்தப் பெண்ணும் ஊத வேண்டும். பெரிய மனுஷி ஒருத்தி ஒரு வெற்றிலை மடித்து முடிக்கும்வரை ஆவி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆயுசு இல்லை, அல்லது புருஷனுக்கு இல்லை, அல்லது பிள்ளை தங்காது. எது என்பதை அவரவர் வசதிக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம், தட்டு இருக்கிற பண்டிதர் கோயிலுக்கு, அதைத் தேய்த்து மினுக்க நெய் கொண்டுபோனேன். பூசை வைக்கிற மாரப்பன் பண்டிதர் வம்சம். "புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கறதுதானுங்க வளமை" என்றான்.

"நெய்க்காரன் ஊட்டுக் கண்ணாலம் மாரப்பா. நெய்யிலயே பளபளக்கட்டும்."

எட்டாவது வரைக்கும் படித்தவனுக்குப் பெருமை மட்டும் பி.ஏ. அளவுக்கு.


கார்த்திகை 6, திங்கள்

நிற்கவில்லை.

கடுங்குளிர். ஊரில் பாதி வந்திருந்தது. பாவாயி மஞ்சள் சேலை. தட்டு நெய்யில் மின்னியது, என் மீசையே அதில் தெரிந்தது. ஊதினாள். நன்றாகத்தான் ஊதினாள், அடுப்பு ஊதிப் பழகியவள். ஆவி ஒரு கண் சிமிட்டலுக்கு வந்தது. போய்விட்டது. வெற்றிலை மடிக்க உட்கார்ந்த பெரிய மனுஷி காம்பைக்கூடக் கிள்ளவில்லை.

 ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

மச்சான்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "சரி, தட்டத்த எடு நல்லம்மா." அக்கா உப்பும் சர்க்கரையும் வைத்த தாம்பாளத்தைத் துணி விலக்காமலே எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

செங்கோடன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மரத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

பாவாயி வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் நடந்தாள். மத்தியானம் களி உருண்டை வழக்கத்தைவிட ஒன்று அதிகம் சாப்பிட்டாள். நானும் வீட்டில் அவளும் சாப்பிடவில்லை. (வீட்டில் என்றால் என் சம்சாரம்.)

நெய் விலை எழுதி வைக்கவில்லை. நாளைக்கு.


கார்த்திகை 7, செவ்வாய்

ராசிபுரம் சந்தை. நாம் போவதற்கு முன் சேதி போய்விட்டது. கரி பஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும், இந்தச் சேதி எங்கும் நிற்கவில்லை.

புதுச்சத்திரத்துக்காரர் ஒருவர், பத்து வருஷமாக வாங்குகிறவர், நெய்யை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். "நெய்யில கொறையில்லீங்க. ஊட்டுல நல்ல காரியம் வருது, அதான்."

"என்ற நெய்யி ஊதிப் பாத்து வாங்கறதில்லீங்க, நக்கிப் பாத்து வாங்கறது" என்றேன்.

பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வாங்கவுமில்லை.

திரும்பி வந்து டின் அடைக்க நெய் உருக்கினேன். சூடான பித்தளை மூடியை எடுத்து, ஏனோ, அதில் ஊதினேன். ஆவி வரவில்லை. ஆறட்டும் என்று வைத்துப் பிறகு ஊதினேன். வந்தது, நின்றது. மறுபடி சூடாக்கி ஊதினேன். போச்சு.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சம்சாரம் சொன்னாள்: "புள்ளக்கி இப்பிடி ஆயிருக்குது, நீங்க மூடிய ஊதிட்டு ஒக்காந்திருக்கறீங்க."

மாரப்பன் வீட்டுக்கு ஓட்டம். செருப்பு ஒன்று வழியில்.

"தட்டச் சூடு பண்ணுனியா மாரப்பா?"

"பின்ன? உங்க நெய்யி பனிக்குக் கல்லாட்டம் இருந்துச்சுங்க. தேச்சா பரவுல. புள்ள ஊதறதுக்குச் சித்த மிந்தித்தான் கங்கு மேல காட்டித் தடவுனேன். நல்லா வாங்கிக்கிச்சு" என்றான். பெருமையாகவே சொன்னான்.

அப்படியானால் என் மகளின் மூச்சை விழுங்கியது என் நெய். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மின்னட்டும் என்று நான் கொடுத்த அதே நெய். ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல. இன்னொரு பக்கம் ஆடலாம் போல. ஆடினேன், கொஞ்சம். மாரப்பன் பயந்துவிட்டான்.

"எங்க வேணும்னாலும் வந்து சொல்றனுங்க" என்றான்.

தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ் இருமிக்கொண்டு போயிற்று. பாவாயி எழுந்திருக்கவில்லை. குடம் காலி.


கார்த்திகை 9, வியாழன்

மழை. மாட்டுக்குக் கழிச்சல், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தது.

அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். ஊர்த் தலைவர் பெரியதனக்காரரிடம் கெஞ்சி ஒப்புதல் வாங்கியிருக்கிறாளாம். பெண் ஒரு நாள் பட்டினி இருந்து, ஈரச்சேலையோடு மறுபடி ஊதலாம். இந்த முறை சாம்பலும் புளியும். எனக்கு வாய் காதுவரை. பாவாயியைக் கூப்பிட்டு மூடி விஷயம், கங்கு விஷயம், எல்லாம் விளக்கினேன். செய்தும் காட்டினேன். வாத்தியாராகப் போயிருக்க வேண்டியவன்.

பொறுமையாகக் கேட்டாள். "நான் மறுக்கா ஊதமாட்டேனுங்கப்பா."

"ஏஞ்சாமி? நிக்கும். நான் சொல்றனல்ல."

"நிக்குமுன்னு தெரியுமுங்க. அதுக்குத்தான் ஊதமாட்டேன்."

புரியவில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்கும், அடிக்கடி தெரிவதுதான்.

"கீழத்தெரு ராமாயக்கா ஊதி நிக்கலீங்களே. அந்தக்காளுக்கு எது சூடா இருந்துச்சுன்னு யாராச்சும் மூடியத் தூக்கிப் பாத்தாங்களா? அது இன்னும் ஒண்டியாத்தான் பஞ்சு கொட்டுது. நான் நின்னு காட்டுனா, தட்டு சரியாத்தான் சொல்லுது, ராமாயக்காதான் கெட்டதுன்னு ஆயிருமுங்க."

"ஊரு வளமைய நாம ஒருத்தரு மாத்த முடியுமா?"

"உங்கள மாத்தச் சொல்லுலீங்க. நான் ஊதமாட்டேன், அம்புட்டுத்தான்."

உள்ளேயிருந்து என் சம்சாரம்: "அப்ப ஆயுசுக்கும் நீயும் பஞ்சு கொட்டு."

"கொட்டறேன்."

 இவள் சொல்வதிலும் பொய்யில்லை. அத்தை மகனே வேண்டாம் என்று விட்டுவிட்ட பெண்ணை வேறு எவன் கேட்டு வருவான்? எனக்கு மகள் ஒருத்திதான்.

ஆனால் பாவாயி சொன்னது முள் மாதிரி உள்ளே நிற்கிறது. எடுக்கப் பார்த்தால் இன்னும் ஆழம்.


கார்த்திகை 10, வெள்ளி

வெண்ணெய் வரவு குறைவு. 

மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது முப்பாட்டன் நினைவு. எத்தனையோ பேருக்குச் சொன்ன கதைதான், சொல்லும்போதெல்லாம் கம்மஞ்சோற்றுக்குத்தான் சிரிப்பார்கள், நானும் அங்கேதான் சிரிப்பேன். இன்றைக்கு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது. முதல் தடவை தட்டில் ஒன்றும் படியவில்லை. பண்டிதர் அதை நம்பவே இல்லை. தன் தட்டையே நம்பவில்லை. துடைத்துத் துடைத்துப் பிடித்தார். இருக்கிறது என்று தட்டு சொல்லுமட்டும் பிடித்தார்.

அந்தத் தட்டுக்கு இருக்கு என்று சொல்லத்தான் வேலை. இல்லை என்று சொல்லச் சொன்னவர் பண்டிதர் இல்லை. அவருக்குப் பின்னால் வந்த நாம்.

இதைச் சம்சாரத்திடம் சொன்னேன். "தவிட்டுல கை வெச்சிட்டே யோசிக்காதீங்க, மாடு பாத்துட்டு நிக்குது" என்றாள். ஆனால் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.


கார்த்திகை 12, ஞாயிறு

மழை விட்டது. பண்டிதர் கோயிலில் ஊர் கூடியது. மச்சான் கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூட்டியது. 

பெரியதனக்காரர் ஆரம்பித்தார்: "புள்ள மறுக்கா ஊதட்டும்னோம். மாட்டேங்குதாம். நீ என்னப்பா சொல்ற?"

மாரப்பன் எழுந்தான். "சாமி, அன்னிக்கி தட்டு..."

"ஒக்காரு மாரப்பா" என்றேன். அவன் விழித்தான். கங்கு, சூடு, நெய் எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மகளுக்குக் கல்யாணம். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், பாவாயி பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"என்ற புள்ள ஊதாதுங்க. அன்னிக்கி ஊதுனதே போதும். அந்தத் தட்டு உசுரு இருக்குதான்னு பாக்கறதுக்கு வெச்சது. அது நடந்து வந்து நிக்குது, பேசுது, மூணு உருண்டைக் களி திங்குது. உசுரு இருக்குதுங்க. வேணும்னா இப்பிடிப் பண்ணலாம். இனிமே ஊதறதுன்னா மாப்பிள்ளையும் ஊதோணும். மாப்பிள்ளையோட அப்பனும் ஊதோணும்."

சலசலப்பு. மச்சான் எழுந்தார். "ஆம்பளைக்கு எதுக்குடா மூச்சு?"

"அதானுங்க மச்சான், இத்தன நாளா இல்லாமயே ஓட்டிட்டீங்க."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. எங்கள் அக்காவின் சிரிப்பும் அதில் இருந்தது என்று சத்தியம் செய்வேன். மச்சான் முகம் கறுத்துவிட்டது.

"செங்கோடா" என்றேன். "பஸ்ஸுக்கே காத்தடிச்சுக் கௌப்பறவன். வா, வந்து ஊது."

அவன் அப்பனைப் பார்த்தான். அப்பன் அவனைப் பார்த்தார். பிறகு அவன் தன் கால் கட்டை விரலைப் பார்த்தான். பாவாயி அதையெல்லாம் பார்த்தாள். எனக்கு அந்த நொடிதான் வலித்தது, நிச்சயம் போனபோதுகூட இல்லை.

அந்தக் கோபந்தான். சுவரைத் தாண்டி உள்ளே போய்த் தட்டை எடுத்தேன். ஆண் யாரும் அதில் ஊதினதாக ஊரில் கேள்வி இல்லை. காலையில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு கூழ் குடித்திருந்தேன், பண்டிதர் மன்னிக்க வேண்டும். தட்டு சில்லென்று இருந்தது. வயிற்றிலிருந்து ஊதினேன். வேட்டி அவிழ்ந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மறக்காது.

ஆவி படிந்தது. தட்டு முழுக்க, பால் ஊற்றின மாதிரி.

யாரோ பழக்க தோஷத்தில் வெற்றிலை மடித்தார்கள். முடித்தார்கள். அடுத்தது. ஆவி அப்படியே. பெரியதனக்காரர் மெள்ள, "தொடைங்கப்பா" என்றார். மாரப்பன் துண்டால் துடைத்தான். பளபளத்தது. அவன் கையை எடுக்குமுன் ஓரத்திலிருந்து மறுபடி ஊர்ந்து வந்து மூடிக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. கலைந்தது என்றால் மரியாதை. ஓட்டம்.


கார்த்திகை 13, திங்கள்

போகவில்லை. மாரப்பன் விடியலிலேயே வந்து சொன்னான். புளி, சாம்பல், எலுமிச்சை, செங்கல் பொடி, எல்லாம் போட்டாயிற்றாம். வெயிலில் வைத்தானாம். கங்கு மேல் காட்டினானாம். சூட்டிலும் நிற்கிறதாம்.

இதற்கு என் மூடி ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு எல்லா மூடியிலும் ஊதிப் பார்த்தேன். மனுஷன் மூச்சு மாதிரித்தான் வந்தது, போனது.

பயந்தேன் என்று எழுதாவிட்டால் பொய். விட்ட மூச்சு திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டதென்றால், இங்கே என் ஆயுசில் ஒருநாள் குறையுமோ? நாடியைப் பிடித்துக்கொண்டே நெய் உருக்கினேன். வடிகட்டும்போது ஒரு கை போதவில்லை.

இவள்: "உங்களுது எதாச்சும் ஒண்ணு சொன்ன எடத்துல நிக்குதே. சந்தோசப்படுங்க."

பயம் போய்விட்டது. பாதி.


கார்த்திகை 16, வியாழன்

மோடம், வெயிலே தலைகாட்டவில்லை. சேலத்திலிருந்து இன்னும் நெய் கேட்டு ஆள். புகழ் பரவினால் வியாபாரம் இரண்டு பக்கமும் போகும் போல. நம்முடைய நெய்யில் மூச்சு நிற்கும் என்று அங்கே எவனோ சொன்னானாம். மறுக்கவில்லை.

பெரியதனக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். மச்சானும் இருந்தார். பெரியதனக்காரர் பேத்திக்கு நிச்சயம், மார்கழி பிறக்குமுன் முடிக்க வேண்டும். தட்டு இப்படி இருந்தால் பெண் எதில் ஊதுவது?

"உன்ற மூச்ச நீயே எடுத்துக்க" என்றார்.

"எப்பிடிங்க எடுக்கறது?"

"விழுந்து கும்புட்டு, தப்பாப் போச்சு, ஆம்பள ஊதிருக்கக் கூடாதுன்னு சொல்லு. சொல்லிட்டு உள்ள இழு."

"விட்ட மூச்சத் திருப்பி வாங்கற வித்தை தெரிஞ்சா, நான் ராசிபுரம் சந்தையில கூடாரம் போட்டிருப்பனுங்க."

மச்சான் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் தணித்தால்தான் எனக்குப் பயம். "இதக் கேளு. நீ கும்புட்டு அது போயிருச்சுன்னா, உன்ற மக ஊத வேண்டாம். அப்பிடியே உப்புச்சக்கரை மாத்திக்கறோம். பெரியவரும் ஒத்துக்கிட்டாரு."

அதுதான் கண்ணி. என் மகளுக்கு மட்டும் கதவு. விழுந்து எழுந்தால் போதும். விழுவதற்கு எனக்குப் பயிற்சி உண்டு, வரப்பில் வாரத்துக்கு ஒரு முறை.

"பெரியவரு பேத்தி?"

"அது வளமைப்படி ஊதும்."

"ராமாயி?"

பெரியதனக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவளுக்கென்ன இப்ப."

நான் எழுந்தேன். கும்பிட்டேன், வயசுக்கு. "பாடை எறங்கி ஊட்டு மூச்சுங்க இது. சுடுகாட்டு வேலி வரைக்கும் போயும் போகாதது. நீங்களும் நானும் சொன்னாப் போயிருமுங்களா."



வீட்டில் சொன்னேன். இவள் அழுதாள். கும்பிட்டுத் தொலைத்தால் என்ன என்றாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விழுந்திருந்தீங்கன்னா களி கெளறி வெச்சிருக்கமாட்டேன்" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இவளால்தான் முடியும்.

பாவாயி என் மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டுபோய் நான் சுற்றின நூலைப் பிரித்து ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தாள்.


கார்த்திகை 19, ஞாயிறு

மறுபடி மழை.

பெரியதனக்காரர் பேத்திக்குக் காலையில் உப்புச்சக்கரை மாற்றியாயிற்று. தட்டு இல்லாமல். "தட்டு ஒறங்குது, எழுப்பக் கூடாது" என்று விளக்கம் சொன்னாராம். நல்ல விளக்கம். ஒறங்கட்டும்.

மாரப்பன் சொன்னது: ராமாயி நேற்று கோயிலுக்குப் போனாளாம், நிற்காமல் போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். விரலால் ஆவியில் ஒரு புள்ளி வைத்தாளாம், கோலத்துக்கு வைக்கிற மாதிரி. புள்ளி மூடிக்கொண்டதாம். சிரித்தாளாம். பிறகு நேரே இங்கே வந்து நெய் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்டேன். "திங்கறதுக்குத்தானுங்க" என்றாள்.

மத்தியானம் அக்கா. மழையில் நனைந்தபடி, தனியாக. மச்சானிடம் சொல்லவில்லையாம். துணி மாற்று என்றால் மாட்டேன் என்கிறாள். ஈரத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உன்ற மூச்ச எடுத்துக்க சாமி. ஊரு பூரா என்னப் பாத்துச் சிரிக்குது."

"முடியாதக்கா."



"என்னுது நின்னுச்சு" என்றாள். "ரெண்டு வெத்தலை மடிக்கிற மட்டும் நின்னுச்சு. ஊரே பாத்துச்சு, உங்க மச்சான் ஊட்டுல ஆரத்தி எடுத்தாங்க. பொறவு மூணைப் பொதச்சேன். ஒண்ணுதான் தங்குச்சு. தட்டு ஒண்ணுஞ் சொல்லுல."

 அந்த மூன்றுக்கும் குழி வெட்டினது நான்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காகிதத்தில் உப்பு, சர்க்கரைக் கட்டி. இரண்டும் மழையில் கசிந்து ஒன்றாகிவிட்டிருந்தது. பாவாயியின் முன் வைத்தாள். "பொழுது போகுது. எடுத்துக்க ஆயா."

பாவாயி எடுக்கவில்லை. அத்தையின் காலடியில் உட்கார்ந்து, ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டாள். "உங்க மேல எனக்கொரு வருத்தமும் இல்லீங்கத்தை. உங்க மவனுக்கு வாயி இருக்குதுங்களா?"

அக்கா யோசித்தாள், ஒரு தாய் யோசிக்கிற நேரத்துக்கும் கூடவே. "இருந்துச்சு சாமி. எங்க வெச்சான்னு கேக்கறேன்."


கார்த்திகை 20, திங்கள்

மழை விடவில்லை. டின் அடைப்பு பாக்கி. மாடு தேவலை.

மாரப்பன் வந்து போனான். தட்டில் ஆவி அப்படியே. இன்னும் என் வெங்காய வாசம் வருகிறதென்கிறான். அது பொய்யாக இருக்கும்.

பஸ் இருமியது. வழக்கமாக ஏற்றத்தில் மெதுவாகப் போய் மறையும் சத்தம், இன்றைக்கு நம் கிணற்றுக்கு நேரே நின்றுவிட்டது. உள்ளே பிரயாணிகள் திட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது. "ஏண்டா, அடுப்ப அணச்சுட்டு எங்கடா போற?"

எட்டிப் பார்த்தேன். செங்கோடன். உடம்பெல்லாம் கரி, மழையில் வழிந்து காக்கிச் சட்டையில் கோடு கோடாக. வாசலுக்கு வெளியே நின்றான். படல் திறந்துதான் இருந்தது, உள்ளே வரவில்லை.

"மாமா" என்றான். "காத்தால பஸ் எடுக்கறதுக்கு மிந்தி கோயிலுக்குப் போயிட்டு வந்தனுங்க. நானும் ஊதிட்டேன்."

"நின்னுச்சா?"

"தெரீலீங்க. உங்க மூச்சுதான் அப்பியிருக்குதே, என்னுது எங்க தெரியும்." தொண்டையைச் செருமினான். "அப்பங்கிட்டச் சொல்லிப்போட்டேன். பாவாயிகிட்டச் சொல்லோணும். அன்னிக்கி நான் வாயத் தொறந்திருக்கோணும்."

உள்ளே திரும்பினேன். அவள் அடுப்படியில். கேட்டிருக்கிறாள், காது நுனி சிவந்திருந்தது. "உள்ள வரச் சொல்லட்டுமா சாமி?"

"சித்த நேரம் நிக்கட்டுங்கப்பா."

வாசலுக்கு வந்தாள். அவன் எதிரில் நிலைப்படியில் உட்கார்ந்தாள். என் வெற்றிலைப் பெட்டியை இழுத்து ஒரு வெற்றிலையை எடுத்து, முந்தானையில் இருபுறமும் துடைத்து, காம்பைக் கிள்ளினாள். மழை வலுத்தது. பஸ்ஸில் கத்துகிறார்கள். அவன் நகரவில்லை.

மடிக்க ஆரம்பித்தாள். மெதுவாக.